‘கேஷுவல்’: எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த பெண் ஒருவர் என்னுடைய மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே நாலு வரி எழுதிக் கொடுப்பது அந்த அலுவலக வழக்கம். அவர் எழுதிய முதல் வரி இது: “ஐ ஆம் வெரி கேஷுவல் அபௌட் மை ஒர்க்.” எவ்வளவு வேலை வந்தாலும் பதறாமல் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். மேலாளர் கூப்பிட்டு, “வேலையில் அக்கறை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, என்ன ஆச்சு?” என்று கேட்டாராம். அன்று வகுப்புக்கு வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாத வாக்கியம் அது. அதனால்தான் எங்கே தவறினோம் என்று அவருக்குப் புரியவில்லை.

நாம் தமிழில் பேசும்போதே இந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். “கேஷுவலா இரு”, “கேஷுவலா கேட்டேன்”, “கேஷுவல் டிரஸ் போதும்.” தமிழுக்குள் வந்தபோது அது ‘இறுக்கமில்லாமல்’ என்ற ஒரே பொருளோடு வந்து தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் நாலைந்து முகங்கள் உண்டு. சில இனிமையானவை, சில கடுமையானவை. புதிதாக ஆங்கிலம் பேசத் தொடங்குகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பிடித்துக்கொள்ளலாம் என்று, நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

தமிழில் ‘ஷு’ என்று எழுதினாலும் அந்த ஒலி ‘ஷ’ அல்ல. டெலிவிஷன், மெஷர், பிளெஷர் ஆகிய சொற்களின் நடுவில் ஆங்கிலேயர் சொல்லும் ஒலி அது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘ஷ்ஷ்ஷ்’ என்று இழுத்துப் பாருங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் அப்படியே குரலைச் சேருங்கள். விரலுக்கு அடியில் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வோடு வருவதுதான் இந்த ஒலி.

சில அகராதிகள் இதை இசட், எச் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துக் காட்டும். தமிழருக்கும் மலையாளிகளுக்கும் அந்தச் சேர்க்கையைப் பார்த்தவுடன் ‘ழ’தான் ஞாபகம் வரும், ஏனென்றால் நம் ஊர்ப் பெயர்களில் ழகரத்தை அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். இங்கே அது ழகரம் இல்லை. நாக்கை மடிக்க வேண்டாம்.

முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும். ‘கே’ என்பதையும் ‘கேள்’ என்பதில் வருவதுபோலச் சொல்லாமல், பேங்க், பேட் என்று சொல்லும்போது வாய் அகலத் திறக்கிறதே, அப்படித் திறந்து சொல்லுங்கள். கடைசி ‘வல்’ மெலிந்து கரைந்துவிடும். உச்சரிப்புக்கு இது போதும்.

இரண்டாம் படி: வேரைத் தொட்டுப் பாருங்கள்

எந்தச் சொல்லுக்கும் வேர் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லைதான். இந்தச் சொல்லுக்கு மட்டும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பேன். லத்தீனில் ‘காஸுஸ்’ என்றால் விழுதல். அதிலிருந்து, எதிர்பாராமல் நேர்வது. அதற்கு அடி ‘காடெரே’, விழு என்ற வினை. அந்த வினையின் வம்சத்தில்தான் சான்ஸ், ஆக்சிடென்ட், அக்கேஷன், கேஸ் எல்லாம் பிறந்தன.

விழுவதற்கும் தற்செயலுக்கும் என்ன உறவு என்று தமிழருக்கு விளக்கவே தேவையில்லை. நாமும் தாயம் ‘விழுந்தது’ என்கிறோம். பரிசுச் சீட்டு ‘விழுந்தது’ என்கிறோம். யாரும் போடவில்லை, யாரும் திட்டமிடவில்லை, தானாக வந்து விழுந்தது. கேஷுவல் என்ற சொல்லின் முதல் பொருள் அதுதான். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குத் ‘தற்செயலான’ என்றுதான் அர்த்தம். உடையும் சோபாவும் வார இறுதியும் வெகு காலத்துக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

இந்த வேரை வைத்துக்கொண்டால் கிளைகள் தானாகப் புரியும். திட்டமிடாதது என்றால் ஒழுங்குமுறை இல்லாதது. அதிலிருந்து சம்பிரதாயம் இல்லாதது, இயல்பானது. திட்டமிடாதது என்றால் நிரந்தரம் இல்லாதது; அதிலிருந்து தினக்கூலி. திட்டமிடாதது என்றால் யோசிக்காதது. அதிலிருந்து அக்கறை இல்லாதது, அலட்சியம். திருப்பூர்ப் பெண் முதல் கிளையை நினைத்து எழுதினார், மேலாளர் மூன்றாவது கிளையில் நின்று படித்தார்.

மூன்றாம் படி: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

கேஷுவல் தனியாக வந்தால் பொருள் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் பொருளைத் தீர்மானிக்கும். எனவே இதைத் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல் இணைகளாகப் படியுங்கள். முக்கியமான இணைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேஷுவல் லீவ். நம்மூரில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும் ‘சி.எல்.’ இதுதான். அரசுத் தமிழில் இதற்குத் ‘தற்செயல் விடுப்பு’ என்று பெயர். அலுவலகத் தமிழைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்த ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். கேஷுவல் என்பதை ‘சாதாரண’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேர்வரை போய், எதிர்பாராமல் நேர்ந்த காரியத்துக்கான விடுப்பு என்ற பொருளை அப்படியே பிடித்திருக்கிறார். மத்திய அரசு ஊழியருக்கு இது ஆண்டுக்கு 8 நாள், தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 12 நாள். மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு வராது. திடீரென்று வரும் தேவைக்கான விடுப்பைச் சேர்த்து வைப்பதில் பொருள் இல்லை என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். இந்த இணை இந்தியா, இலங்கை, பக்கத்து நாடுகளில்தான் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கம்பெனியில் இருக்கும் மேலாளருக்கு “ஐ ஆம் டேக்கிங் கேஷுவல் லீவ்” என்று எழுதினால் அவருக்குச் சட்டென்று விளங்காது. “ஐ நீட் டு டேக் எ டே ஆஃப் டுமாரோ” என்று எழுதுங்கள். உலகத்தில் எங்கே இருப்பவருக்கும் புரியும்.

கேஷுவல் லேபர், கேஷுவல் ஒர்க்கர். அன்றன்றைக்கு வேலை கிடைத்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. நாம் தினக்கூலி, அன்றாடங்காய்ச்சி என்று சொல்லும் வாழ்க்கை. இலங்கை அரசு அலுவலகத் தமிழில் இவர்களை ‘அமய ஊழியர்’ என்பார்கள். லண்டன் துறைமுகத்தில் 19-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் வாசலில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவருக்கு மட்டும் அன்று வேலை. சில நேரம் ஒரு மணி நேர வேலைக்காகவே கூப்பிடுவார்கள். 1889-இல் நடந்த பெரிய துறைமுக வேலைநிறுத்தத்தில், மணிக்கு 6 பென்ஸ் கூலியும், கூப்பிட்டால் குறைந்தது 4 மணி நேர வேலையும் வேண்டும் என்று கேட்டார்கள். நம் ஊர் நாற்சந்திகளில் விடியற்காலையில் பாண்டு சட்டியோடும் மட்டப்பலகையோடும் காத்து நிற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. இந்த இணையில் கேஷுவல் என்பதற்கு ‘ஹாயாக’ என்ற பொருள் துளிகூட இல்லை. நேர்மாறாக, நாளைக்கு என்ன என்று தெரியாத கவலைதான் அதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். அங்கே ‘கேஷுவல் ஜாப்’ என்பது சட்டச் சொல். வேலை தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பும் நோய் விடுப்பும் கிடையாது. அதற்கு ஈடாக மணிக் கூலியில் கூடுதல் தொகை சேரும்; பெரும்பாலான துறைகளில் அது 25 சதவீதம். அதை ‘கேஷுவல் லோடிங்’ என்பார்கள். வேலைக்குச் சேரும்போது இதை விளக்கும் அரசு அறிக்கை ஒன்றையும் முதலாளி உங்கள் கையில் கொடுக்க வேண்டும். ஓட்டலிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ “யூ வில் பி எ கேஷுவல்” என்று சொன்னால், ‘ஜாலியாக வேலை பார்க்கலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மணிக் கூலியில் அந்தக் கூடுதல் தொகை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை இது.

கேஷுவல் டிரஸ், கேஷுவல் வேர். இங்கேதான் ‘இறுக்கமில்லாத’ என்ற பொருள். அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை மட்டும் டை இல்லாமல் வரலாம் என்ற பழக்கத்துக்கு ஹவாயில் ஒரு முன்கதை உண்டு. அங்கே துணி உற்பத்தியாளர்கள் 1960-களில் பூப்போட்ட அலோஹா சட்டையை அலுவலகத்துக்குள் கொண்டுவர முயன்றார்கள். 1966-இல் ‘அலோஹா ஃபிரைடே’ வழக்கத்துக்கு வந்தது. பிறகு 1992-இல் லீவைஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு எப்படிக் கேஷுவலாக உடுத்துவது என்று ஒரு கையேடு அச்சடித்து அமெரிக்காவில் சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. ஆக, கேஷுவலாக உடுத்தவும் ஒரு கையேடு வேண்டியிருந்தது. அது ஏன் என்பது புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

அழைப்பில் ‘பிசினஸ் கேஷுவல்’ என்றிருந்தால் காலர் வைத்த சட்டை, சீனோஸ் போன்ற பருத்திக் கால்சட்டை, மூடிய காலணி. டை வேண்டாம், கோட்டும் பெரும்பாலும் வேண்டாம். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் இன்னும் கொஞ்சம் தளர்வு; கிழிசலில்லாத அடர்நிற ஜீன்ஸ் பல இடங்களில் ஒத்துக்கொள்ளப்படும். வெறும் ‘கேஷுவல்’ என்றால் டி-ஷர்ட்டும் செல்லும். பெண்களுக்கு நம் ஊர் அலுவலகங்களில் குர்த்தாவும் சல்வாரும் முதல் இரண்டுக்குமே பொருந்திப் போகிறது. எதுவானாலும், கேஷுவல் என்பது கைலி அல்ல. வீட்டில் கட்டும் உடைக்கும், தெருமுனைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் உடைக்கும், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு உடுத்தும் உடைக்கும் நாம் வித்தியாசம் வைத்திருக்கிறோமே, கேஷுவல் என்பது நடுவில் இருப்பது. சந்தேகமாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: “இஸ் ஜீன்ஸ் ஓகே?” அல்லது “ஆர் ஜீன்ஸ் ஓகே?” இரண்டாவதுதான் சரி, ஆங்கிலத்தில் ஜீன்ஸ் பன்மை.

கேஷுவல் ரிமார்க், கேஷுவல் மென்ஷன். பேச்சுவாக்கில் விழுந்த சொல். ‘போகிற போக்கில் சொன்னார்’ என்பதற்கு மிகச் சரியான ஆங்கிலம். கேஷுவல் கிளான்ஸ் என்றால் மேலோட்டமான ஒரு பார்வை. கேஷுவல் ரீடர், கேஷுவல் ஃபேன் என்றால் எப்போதாவது படிப்பவர், எப்போதாவது ஆட்டம் பார்ப்பவர். தீவிர ரசிகர் அல்ல. கேஷுவல் அக்வெய்ன்டன்ஸ் என்றால் பார்த்தால் சிரித்துப் பேசுகிற அளவுக்குப் பழக்கம். இவை எளிது.

எளிதில்லாத ஒன்று, கேஷுவல் ரிலேஷன்ஷிப். “அவரும் நானும் கேஷுவலாப் பழகுறோம்” என்று தமிழில் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லலாம். அதையே ஆங்கிலத்தில் “வீ ஆர் இன் எ கேஷுவல் ரிலேஷன்ஷிப்” என்று சொன்னால், இருவருக்கும் இடையே காதலோ உடலுறவோ இருக்கிறது, ஆனால் கல்யாணம் வரை போகும் எண்ணம் இல்லை என்று பொருள். பெரிய சங்கடத்தைக் கொண்டுவந்துவிடும் வாக்கியம். நட்பு என்றால் “வீ ஆர் ஃபிரெண்ட்ஸ்” என்று முடித்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பழக்கம் என்றால் “ஐ நோ ஹிம் ஃப்ரம் ஒர்க்” போதும்.

நான்காம் படி: ‘அபௌட்’ வந்தால் எச்சரிக்கை

கேஷுவல் என்ற சொல்லுக்குப் பின் ‘அபௌட்’ வந்து, அதற்குப் பின் கவனம் தேவைப்படும் ஒரு காரியம் வந்தால், அது பெரும்பாலும் குற்றச்சாட்டு. “ஹீ இஸ் கேஷுவல் அபௌட் சேஃப்டி” என்றால் பாதுகாப்பு விஷயத்தில் அவர் ஏனோதானோ. “ஷி இஸ் டூ கேஷுவல் அபௌட் மணி” என்றால் பண விஷயத்தில் பொறுப்பில்லை. கேஷுவல் ஆட்டிட்யூட், கேஷுவல் அப்ரோச் என்று மதிப்பீட்டுப் படிவத்தில் யாராவது உங்களைப் பற்றி எழுதினால், அது பாராட்டு அல்ல, திருத்திக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அப்படியானால் பதறாமல் வேலை பார்க்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது? “ஐ ஸ்டே காம் அண்டர் பிரஷர்.” எளிதில் பழகக்கூடியவர் என்பதற்கு ‘அப்ரோச்சபிள்’ அல்லது ‘ஈஸி டு ஒர்க் வித்’. எதையும் பெரிதுபடுத்தாத சுபாவம் என்றால் ‘ஈஸிகோயிங்’. இதை நண்பர்களிடம் சொல்லலாம், வேலைக்கான நேர்காணலில் தவிர்ப்பது நல்லது. இந்த நான்கையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஷுவல் என்று நாக்கில் வரும் இடங்களில் பாதிக்கு இவையே போதும்.

இன்னும் கனமான ஒரு பயன்பாடும் உண்டு. கேஷுவல் ரேசிசம், கேஷுவல் குரூயல்ட்டி. இங்கே கேஷுவல் என்றால் லேசானது என்று நினைத்துவிடக் கூடாது. யோசிக்காமல், தினசரிப் பேச்சின் பகுதியாகவே வந்துவிடுகிறது என்றுதான் பொருள். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்று காப்பி குடித்துக்கொண்டே ஒருவர் சொல்வார். சொன்னவருக்கு அடுத்த நிமிடம் மறந்துவிடும். கேட்ட பெண்ணுக்கு ஆயுளுக்கும் மறக்காது. அந்தப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் இந்த அடைமொழியைத்தான் போடுவார்கள். சொன்னவரின் மனதில் அதற்கு எடையே இருந்ததில்லை என்பதுதான் அதன் கொடுமை.

ஐந்தாம் படி: தமிழ்ப் பேச்சிலிருந்து எடுத்துப் போகும்போது

நாம் ‘கேஷுவலா’ என்று சொல்லும் இடங்களில் ஏற்கெனவே நல்ல தமிழ்ச் சொற்கள் நின்றுகொண்டிருக்கின்றன. சும்மா, யதார்த்தமா, எதேச்சையா, பேச்சுவாக்கில், சாவகாசமா. ஆங்கிலத்துக்குப் போகும் முன் மனதுக்குள் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடியுங்கள். எது நம் மனதில் இருக்கிறது என்று தெரிந்தால் ஆங்கிலம் தானாக அமையும்.

“கேஷுவலா கேட்டேன்” என்பதில் இருப்பது சும்மா. அதற்கு ஆங்கிலம் “ஐ வாஸ் ஜஸ்ட் ஆஸ்கிங்.” இதை “ஐ ஆஸ்க்டு கேஷுவலி” என்று சொன்னால் ஒரு சிறு சிக்கல். கேஷுவலி என்ற வினையடை வெளியே தெரியும் தோரணையைத்தான் பெரும்பாலும் குறிக்கும். கதைகளில் “நேத்து ராத்திரி எங்கே இருந்தே?” என்று ஒரு பாத்திரம் ‘கேஷுவலி’ கேட்டால், உள்ளுக்குள் ஏதோ வைத்துக்கொண்டு வெளியே சாதாரணமாகக் காட்டிக்கொள்கிறான் என்று வாசகருக்குத் தோன்றும். அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது பொருந்தும். தன்னைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் சந்தேகப்பட இடம் இருக்கிறது.

“பஸ் ஸ்டாண்டுல அவரை யதார்த்தமா பார்த்தேன்.” இதற்கு வேர்ப்பொருளை நம்பி “ஐ மெட் ஹிம் கேஷுவலி” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அந்தப் பழைய பொருள் இன்றைய ஆங்கிலத்தில் சில இணைகளில் மட்டும்தான் தங்கியிருக்கிறது. “ஐ ரான் இன்டு ஹிம் அட் தி பஸ் ஸ்டாண்ட்” என்பதுதான் இயல்பு.

“கேஷுவலா பேசிட்டிருந்தோம்” என்றால் “வீ வேர் ஜஸ்ட் சாட்டிங்.” “கேஷுவலா வீட்டுக்கு வாங்க” என்றால் “டிராப் இன் எனி டைம்.” இங்கெல்லாம் கேஷுவல் என்ற சொல்லே தேவைப்படுவதில்லை.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள் இரண்டு

கேஷுவாலிட்டி. நம் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இந்தப் பெயர் நெடுநாளாக இருக்கிறது. தற்செயலாக நேர்ந்த துன்பம் என்ற பொருளில் அதே வேரிலிருந்து கிளைத்தது. பிரிட்டனிலும் பழைய பெயர் இதுதான். அமெரிக்காவில் வழிகேட்டால் ‘எமர்ஜென்சி ரூம்’ என்று கேளுங்கள். செய்தியில் ‘கேஷுவாலிட்டீஸ்’ என்று வந்தால் இறந்தவர்கள் மட்டும் என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். காயமடைந்தவர்களும் அதில் அடக்கம். போர்ச் செய்திகளில் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால், உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

இன்னொன்று காஸல். காரணம் சார்ந்த என்று பொருள். கேஷுவல் என்பதன் எழுத்துகளில் எஸ், யு இரண்டும் இடம் மாறினால் இது வந்துவிடும். கணினியின் எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். ஆய்வேடு எழுதுகிற மாணவர்கள் கவனமாக இருங்கள். புகைப்பழக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள ‘காஸல் ரிலேஷன்ஷிப்’ என்று எழுத வேண்டிய இடத்தில் கேஷுவல் என்று அச்சாகிப் போனால், ஒரே வாக்கியத்தில் ஆய்வின் முடிவே கவிழ்ந்துவிடும். எழுதி முடித்ததும் கணினியில் இந்தச் சொல்லைத் தனியாகத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடைசிப் படி: ஒரு வாரப் பயிற்சி

நாளை காலையிலிருந்து, உங்கள் வாயிலோ பக்கத்திலிருப்பவர் வாயிலோ ‘கேஷுவல்’ வரும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு உட்கார்ந்து, பக்கத்திலேயே அந்த இடத்துக்குரிய தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் ஆங்கிலம். முதல் இரண்டு நாள் கேஷுவல் என்ற சொல்லே மூன்றாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். நாலாம் நாளிலிருந்து அது குறையத் தொடங்கும்.

தொடங்குவதற்கு மூன்று வாக்கியம் தருகிறேன்: “கேஷுவலாத்தான் சொன்னேன், கோவிச்சுக்காதே.” “பரீட்சையை அவன் ரொம்ப கேஷுவலா எடுத்துக்கிட்டான்.” “நாளைக்கு கேஷுவல்ஸ்ல வரலாமா சார்?” மூன்றாவதில் அந்தச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவதுக்கு “ஹீ டிடின்ட் டேக் தி எக்ஸாம் சீரியஸ்லி” என்று எழுதியிருந்தால் சரி. முதல் வாக்கியத்துக்குத் திருப்பூர்ப் பெண் எழுதி வந்த விடை: “ஐ டிடின்ட் மீன் எனிதிங் பை இட்.”